சுங்கம் இல்லாத சந்தை

அந்த மாட்டப் பாக்காதீங்க தம்பி. அட, சொல்றனில்லீங்க, அக்கட்ட பாக்காதீங்க. இப்படி வந்து கயித்துக் கட்டல்ல உக்காருங்க. நெழலு இருக்குது, டீ வருது. முந்நூறு உருப்படி நிக்குது என்ர தரிசுக் காட்டுல, மாட்டுக்கா பஞ்சம்? அந்தப் புளியமரத்தடியில சாம்பல் நெறமா நிக்குதே, அந்த மயிலைப் பசு மட்டும் உங்களுக்கு வேண்டாம். அதுக்குச் சுழி சரியில்லீங்க. திமிலுக்குப் பொறத்தால ஒரு கெட்ட சுழி. வாங்குன வூட்டுல மூணு மாசத்துக்குள்ள ஒரு எழவு உழுகும்.

யாரு சொன்னாங்களா? நான் சொல்றனுங்க. முப்பத்தெட்டு வருசமா மாட்டுத் தரகு பண்றேன். தரகு குழந்தைவேலுன்னு நாலு தாலூக்காவுல கேட்டுப் பாருங்க, தெரியாதவன் இருக்கமாட்டான். வேற பேரும் ஒண்ணு சொல்லுவானுங்க. அது காதுல வாங்காதீங்க.

நீங்க மாட்டுச் சந்தைக்குப் புதுசு, இல்லீங்களா? செருப்பப் பாத்தாலே தெரியுது. திண்டுக்கல் பக்கமுங்களா? நல்லது. தோட்டம் வாங்கிப்போட்டு, ஒரு பசுவும் கட்டலாம்னு வந்திருக்கீங்க. சரியான எடத்துக்குத்தான் வந்திருக்கீங்க. உள்ள வரப்பவே பாத்திருப்பீங்களே, வாசப் படலுக்கு மேல பெரிய போர்டு. ‘சுங்கம் இல்லை. ரசீது இல்லை. கட்டாயம் இல்லை. அவரவர் விருப்பம்.’ வாசகம் நான் சொன்னதுங்க. பெயிண்டருகாரன் நாலாவது வரிக்குத் தனியாக் காசு கேட்டான். குடுத்தேன். அந்த வரிதானுங்களே முக்கியம்.

நம்ம சந்தையில வெலையெல்லாம் வாயால பேசறதில்லீங்க. இதோ இந்தத் துண்டுக்கு அடியில கையக் கோத்துக்குவோம். ஒரு விரலப் புடிச்சா ஒண்ணு, ரெண்டப் புடிச்சா ரெண்டு, மொத்தக் கையும் புடிச்சா அஞ்சு. ஆயிரமா பத்தாயிரமாங்கறது மாட்டப் பாத்தாலே தெரிஞ்சுபோகும். வெளிய நிக்கறவனுக்கு ஒண்ணும் தெரியாது. துண்டு அசையறது மட்டுந்தான் தெரியும். பாத்தீங்களா எவ்வளவு மரியாதையான ஏற்பாடு? விக்கறவன் மனசு விக்கறவனுக்கு, வாங்கறவன் மனசு வாங்கறவனுக்கு. ரெண்டு பேரு மனசொத்து ஒரு காரியம் பண்றப்ப நடுவுல மூணாவது ஆளுக்கு என்னங்க வேலை?

என்னது? நானா? நான் தரகனுங்க. நான் மூணாவது ஆள்ல சேத்தி இல்ல. டீயக் குடிங்க, ஆறிப்போகுது.

மூணாவது ஆளுன்னு நான் சொல்றது சுங்கக்காரன. ரோட்டுக்கு அந்தப் பக்கம் காம்பவுண்டு செவுத்துக்குள்ள பொட்டலாக் கெடக்குது பாருங்க, அதுதான் பழைய சந்தை. பேரூராட்சி எடம். மூணு வருசத்துக்கு ஒருக்கா சுங்கம் வசூல் பண்ற உரிமைய ஏலம் உடுவாங்க. எடுத்தவன் ராசா. முன்னயெல்லாம் மாட்டுக்கு இத்தனைன்னு ஒரு சின்னச் சீட்டுக் கிழிச்சுக் குடுப்பான். நாமளும் கொசுக்கடின்னு நெனச்சுக் குடுத்துட்டுப் போவோம். அப்பறம் வந்தானுங்க அத்தப்பன். வசந்தாமணிக்கு அப்பன். வசந்தாமணி யாருன்னா, அதோ அந்தப் புளியமரத்தடியில மாட்டோட நிக்கறாளே, அவதான். பாக்காதீங்கன்னு சொன்னனில்ல.

அத்தப்பன் குத்தகை எடுத்தவுடனே என்ன பண்ணான் தெரியுமுங்களா? தலைக்கு இத்தனைங்கறத எடுத்துப்போட்டான். வெலையில நூத்துக்கு மூணுன்னான். நூத்துக்கு மூணு! மாட்ட வளத்தது எவனோ, புல்லறுத்துப் போட்டது எவனோ, மழைக்கும் வெயிலுக்கும் ஓட்டிட்டு வந்தது எவனோ. இவனுக்கு எதுக்குங்க மூணு? அதோட உட்டானா? வெலை என்னன்னு தெரிஞ்சாத்தானே மூணு எடுக்கறது? அதனால துண்டு போடக்கூடாதுன்னான். எல்லாரும் அவன் ஆளுக்கு முன்னால வாயத் தெறந்து வெலை சொல்லோணுமின்னான்.

நாங்க கேப்பமா? துண்டு போட்டுத்தான் பேசுனோம். அவனும் பாத்தான், ரெண்டு வாரம் பாத்தான். மூணாவது வாரம், எட்டு வருசத்துக்கு முந்தி, ஆடி மாசம், இதே வியாழக்கிழமைச் சந்தை. நான் ஒரு ஜோடி எருதுக்கு முடிச்சிட்டு இருக்கேன். வலக்கை வாங்கறவன்கிட்ட, இடக்கை விக்கற பெரியவர்கிட்ட. ரெண்டு கைக்கும் ஒரே துண்டு. எல்லாராலயும் அப்படி முடியாதுங்க, அதுக்கு ஒரு கை வேணும். காரியம் முடியற நேரம். பொறத்தால இருந்து அத்தப்பன் வந்தான். ஆள் உடல, அவனே வந்தான். வந்து துண்டப் புடிச்சு ஒரே உருவு.

நடுச்சந்தையில, ஆயிரம் பேருக்கு முன்னால. துண்ட உருவறதும் வேட்டிய உருவறதும் எங்களுக்கு ஒண்ணுதானுங்க. கையெல்லாம் கோத்தபடி அப்படியே நிக்கறேன். வெயிலு கையில உழுகுது. முப்பது வருசமா வெயிலு படாத எடம்.

சரி, சொல்லிப்போடறேன். எப்படியும் எவனாவது உங்களுக்குச் சொல்லுவான். வலக்கையில வாங்கறவன் என்ர நாலு விரலப் புடிச்சிருந்தான். இடக்கையில நான் பெரியவரோட மூணு விரலப் புடிச்சிருந்தேன். அதான். நாப்பதுக்கு அவன் வாங்கறான், முப்பதுக்கு இவர் விக்கறார். நடுவுல ஒரு பத்து. இதுல என்னங்க தப்பு? நாப்பது அவனுக்குச் சம்மதம், முப்பது இவருக்குச் சம்மதம். யாரு கழுத்துல நான் கத்தி வெச்சேன்? வாங்கறவனுக்கு விக்கறவனத் தெரியாது, விக்கறவருக்கு வாங்கறவனத் தெரியாது. அவங்க ரெண்டு பேரையும் ஒரு துண்டுக்கடியில கொண்டாந்து நிறுத்துன சாமர்த்தியத்துக்கு வெலை இல்லியா?

ஆனா அந்தப் பெரியவர் என்ர ரெண்டு கையையும் மாத்தி மாத்திப் பாத்தாருங்க. எருத அவுத்துட்டு நடையக் கட்டிட்டார். பொறகு எவனோ ஒருத்தன் சிரிச்சான். ஒருத்தன் சிரிச்சா போதாதா? சந்தையே சிரிச்சுது. டீக்கடைக்காரன் சிரிச்சான், கயிறு விக்கறவன் சிரிச்சான், நான் அரிச்சுவடி கத்துக்குடுத்த தரகனுங்க சிரிச்சானுங்க. அத்தப்பன் துண்ட என்ர தோள்ல போட்டு, "நாலுக்கும் மூணுக்கும் சேத்து ரசீது போடட்டுமா குழந்தைவேலு?"ன்னு கேட்டான். அன்னிக்கிருந்து எனக்குப் பேரு நாலுமூணு குழந்தைவேலு. என்ர மவ கண்ணாலப் பந்தல்லயே ஒரு பொடிப்பயல் கேட்டானுங்க, "நாலுமூணு தாத்தா வூடு இதுதானா?"ன்னு.

அந்தச் சிரிப்பு இருக்குது பாருங்க. சோத்துல கை வெச்சா கேக்கும். ரெண்டு வருசம் சந்தைப் பக்கம் தலை வெச்சுப் படுக்கல. வூட்டுலயே குந்திட்டிருந்தேன். இந்தத் துண்டையும் மாத்தல. இதே துண்டுதானுங்க. அன்னிக்கு அவன் உருவுனதுல கிழிஞ்ச எடத்துல தெச்சிருக்குது பாருங்க. ஒருநாள் அத்தப்பன் கை இதுக்கு அடியில வந்து என்ர கையத் தேடோணும், அதுவரைக்கும் மாத்தறதில்லைன்னு கொடுமுடி ஆத்துல முங்கி எந்திரிச்சுச் சொன்னேன்.

அப்பத்தான் ஒரு வக்கீலு வந்தாருங்க, வூடு தேடி, ஒரு காளைக்கு வெலை கேட்டு. நெம்பப் படிச்ச மனுசன். என்ர கதையக் கேட்டுப்போட்டு அவர் சொன்னாரு: "கேட்டு, மனசொத்துக் குடுத்தா அது வியாபாரம். கேக்காம எடுத்தா களவு. கவர்மெண்ட்டு எடுத்தா அதுக்கு வரின்னு பேரு." நான் அழுதுபோட்டனுங்க. எத்தனை நாளா நெஞ்சுல கெடந்தது, பேரு தெரியாமக் கெடந்தது. ஒருத்தர் வந்து பேரு வெச்சுட்டாரு. இன்னும் என்னென்னமோ சொன்னாரு. சந்தைய அதோட போக்குல உட்டா அதுவே எல்லாத்தையும் சரி பண்ணிக்குமாம். எவன் எவனையும் கட்டாயப்படுத்தாத எடத்துலதான் மனுசன் மனுசனா இருப்பானாம். எனக்கு ஞாவகம் இருக்கறது இவ்வளவுதான். இது போதுமுங்க.

பொறகு ஏலம் வந்துது. அத்தப்பன் மறுபடி எடுக்க வரான்னு தெரியும். என்ர மச்சினன அனுப்பிச்சேன், ஏலம் கேக்க. எடுக்கறதுக்கு இல்லீங்க, ஏத்தி உடறதுக்கு. பன்னெண்டு லட்சத்துக்கு முடிய வேண்டியது, மச்சினன் ஏத்த ஏத்த அத்தப்பன் வீம்புக்கு ஏத்தறான். இருவத்தாறுல மச்சினன் கும்புடு போட்டு உக்காந்துட்டான். தோட்டத்த அடமானம் வெச்சு மொதத் தவணை கட்டுனான் அத்தப்பன். சந்தை இருக்குது, வசூல் பண்ணிக்கலாம்னு தைரியம்.

அடுத்த மாசம், அதே வியாழக்கிழமை, ரோட்டுக்கு இக்கட்ட இந்தக் காட்டுல படலக் கட்டி நான் போர்டு மாட்டுனேன்.

ஆறு மாசம் எல்லாமே சும்மா. தண்ணி சும்மா, தீவனம் சும்மா, மாட்டோட வந்தவங்களுக்கு டீ சும்மா, மத்தியானம் தக்காளிச் சோறு. வராமப் போவானா? நாலே வாரத்துல அந்தப் பக்கம் காலி. எனக்குப் புடிச்ச காட்சி எதுன்னு கேளுங்க. இதே கட்டல்ல இப்படிச் சாஞ்சுட்டு, அக்கட்ட அத்தப்பன் ரசீதுப் பொஸ்தகத்த மடியில வெச்சுட்டு மேசை போட்டு உக்காந்திருக்கறதப் பாக்கறது. அவனுக்கு முன்னால ரெண்டு நாய். மாடு கெடையாது, மனுசன் கெடையாது. நான் இங்கிருந்து, "அத்தப்பா, நாய்க்கு நூத்துக்கு எத்தனை?"ன்னு கத்துவேன். இந்தச் சந்தையே சிரிக்கும். அந்தச் சிரிப்பு மருந்துங்க எனக்கு.

இப்பவும் சும்மாதானுங்களான்னு கேக்கறீங்களா? சும்மாவே எத்தனை நாளைக்குப் போடறது? தண்ணித் தொட்டிக்கு, நெழலுக்கு, மொளைக்குச்சிக்குன்னு உருப்படிக்கு நூறு ரூவா. அது சுங்கம் இல்லீங்க, விருப்பம். விருப்பம் இல்லாதவங்க படலுக்கு வெளிய வெயில்ல நிக்கலாம். ரோடு பொதுதானே? என்ன, வெளிய எந்தத் தரகனும் போகமாட்டான். பதினாலு தரகனுங்க இருக்கறானுங்க, எல்லாத்துக்கும் பச்சைக்கரைத் துண்டு நான்தான் வாங்கிக் குடுத்தது. பச்சைக்கரை இல்லாத தரகன் உள்ள வரக்கூடாதான்னா, தாராளமா வரட்டும், யாரு தடுத்தா? படல்ல வெள்ளியங்கிரி நிக்கறான். என்ர ஆளு. கொஞ்சம் ஒடம்பான ஆளு. அவன் என்ன ஏதுன்னு கேப்பான். கேக்கறது தப்புங்களா?

அத்தப்பன் கதைக்கு வரேன். ரெண்டாந் தவணைக்கு எருது போச்சு. மூணாந் தவணைக்கு எருமை போச்சு. எல்லாம் இங்கதான் வந்து வித்தான், வேற சந்தை எங்கிருக்குது? அவன் மாட்டுக்கு எவன் என்ன வெலை சொல்லோணுமின்னு நான் ஒண்ணும் கட்டாயப்படுத்தல. என்ர அபிப்பிராயத்தத் தரகனுங்ககிட்டச் சொன்னேன். அபிப்பிராயம் சொல்ல எனக்கு உரிமை இல்லியா? பாதி வெலைக்குத்தான் போச்சு. ரெண்டு ஜோடி நானே எடுத்தேன்.

போன மாசி மாசம் அவனுக்கு ஒரு பக்கம் விழுந்துபோச்சுங்க. வலப்பக்கம். எந்தக் கை உருவுச்சோ அந்தக் கை. நான் பாக்கப் போனேன். சாத்துக்குடி வாங்கிட்டுத்தான் போனேன், மனுசத்தன்மை இல்லீங்களா? தலைமாட்டுல உக்காந்து இந்தத் துண்ட அவன் நெஞ்சு மேல விரிச்சேன். "கையக் குடு அத்தப்பா, வெலை பேசலாம்"னேன். கை வரல. கண்ணு மட்டும் வந்துது, துண்டு மேல, என்ர மேல, மறுபடி துண்டு மேல. கண்ணோரம் தண்ணி. நான் கொஞ்ச நேரம் பாத்துட்டே இருந்தேன். பொய் சொல்லமாட்டேன், எட்டு வருசத்துல அன்னிக்குத்தான் வயிறு நெறஞ்சுது. அப்ப இந்த வசந்தாமணி காப்பித் தம்ளரோட வந்து நின்னா. எப்ப வந்தாளோ. தம்ளரக் கீழ வெச்சா, அப்பன் நெஞ்சு மேல இருந்து துண்ட எடுத்தா, உதறி மடிச்சு என்ர கையில குடுத்தா. "துண்ட மறந்துறாதீங் மாமா"ன்னா. அவ்வளவுதான். பொல்லாத கழுதை.

வயிறு நெறஞ்சுதுன்னு சொன்னேன், ஆனா முழுசா நெறையலீங்க. அவன் கை துண்டுக்குள்ள வந்து தேடலியே. இனி வராது. அதுக்குத்தான் இந்த மாடு.

அந்த வூட்டுல மிச்சம் இருக்கறது அந்த மயிலையும் கன்னும். பேரூராட்சிக்கு இன்னும் அறுவதாயிரம் நிக்குது. திங்கக்கிழமைக்குள்ள கட்டாட்டி வூடு ஜப்தி. இன்னிக்கு இந்த மாடு நல்ல வெலைக்குப் போனா வூடு தங்கும், போகாட்டி அத்தப்பன கட்டலோட தூக்கி ரோட்டுல வெப்பாங்க. நான் வெக்கலீங்க, கவர்மெண்ட்டு வெக்குது. பாத்தீங்களா, அதுதான் கட்டாயம்ங்கறது. நான் இத்தனை நேரம் என்ன சொல்றேன்?

மூணு வாரமா ஓட்டிட்டு வரா. நூறு ரூவாயும் படல்லயே வெச்சுட்டுத்தான் வரா. அவளுக்குத் தரகன் இல்லாம முடியாதுங்க. பொம்பளை, அந்நிய ஆம்பளை கையோட துண்டுக்கடியில கை கோக்க முடியுமா? ஊரு என்ன பேசும்? ஒரு தரகன் நடுவுல நின்னாத்தான் ஆகும். ஒருத்தனும் நிக்கமாட்டேங்கறான். நான் நிக்காதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லல. நின்னா எனக்குச் சந்தோசமா இருக்காதுன்னு மட்டும் சொன்னேன். அவனவன் விருப்பம். சாயங்காலம் எல்லாரும் கெளம்புன பொறகு ஒருத்தன் போவான், இருவத்தஞ்சுக்குக் கேப்பான். அவன் என்ர ஆளு. அவ அழுதுட்டே குடுப்பா. மாடு என்ர கட்டுத்தாரிக்கு வரும், திங்கக்கிழமை வூடு போகும். அத்தோட கணக்குத் தீந்துது. துண்ட அன்னிக்கு எரிச்சுப்போடுவேன்.

என்ர வூட்டுக்காரி மூணு வாரமா சோறு போடறப்ப பேசறதில்ல. பேசாட்டிப் போகட்டும். அவளயா பாத்துச் சிரிச்சானுங்க?

சுழியா? அட, நீங்க வேற. சுழியெல்லாம் சுத்தமான சுழிங்க. லச்சுமிச் சுழி. எட்டுப் பல்லு, ரெண்டாம் ஈத்து, தங்கமான மாடு. உங்கள மாதிரி வெளியூர்க்காரங்க போய் நின்னுறப்படாதுன்னுதான் சொல்றது. நீங்க நம்ம ஆளாயிட்டீங்க, அதனால உண்மையச் சொல்லிப்போட்டேன். உங்களுக்கு வேற நல்ல மாடா நான் முடிச்சுத் தரேன், கவலைய உடுங்க.

அதென்ன சத்தம்?

யாரு அது தொட்டிச் செவுத்து மேல ஏறி நிக்கறது? வசந்தாமணியா? ஏய் அம்மிணி! எறங்கு கீழ! பொம்பளை ஏறி நிக்கற எடமா அது?

என்ன கத்தறா? இருங்க, கேக்கட்டும்.

"மயிலைப் பசு, ரெண்டாம் ஈத்து, கெடாரிக் கன்னோட. வேளைக்கு நாலு லிட்டரு. எழுவதாயிரம்! துண்டு வேண்டாம், தரகு வேண்டாம். வாங்கறவங்களுக்கும் அதே வெலை, விக்கறவளுக்கும் அதே வெலை. நடுவுல நாலும் இல்ல, மூணும் இல்ல!"

கேட்டீங்களா? கேட்டீங்களா அந்த வாய? நாலாம், மூணாம். எட்டு வருசம் கழிச்சு என்ர காட்டுல நின்னுட்டு, என்ர தொட்டி மேல நின்னுட்டு! வெலைய வாயால சொல்றா பாருங்க, ஏலக்கடை மாதிரி. சந்தைக்குன்னு ஒரு மொறை இருக்குது, மானம் இருக்குது. அப்பன் கத்தச் சொன்னான், மவ கத்தறா. அதே ரத்தம்.

எவன்டா அது அறுவதுன்னு கூவறது? டேய், வாய மூடு. அவளும் அறுவத்தெட்டுங்கறா. எறங்கு அம்மிணி!

அங்க என்ன கும்பலு? ஏனுங் பெரியவரே, நீங்க எதுக்குங்க தரகன் கையில இருந்து கைய உருவறீங்க? துண்ட எடுத்துட்டு வாயால சொல்லச் சொல்றீங்களா? யாரு கெளப்பி உட்டாங்க உங்கள? அந்தப் பொம்பளை சொன்னா ஆச்சா? துண்ட எடுக்காதீங்கடா! எவனும் துண்ட எடுக்காதீங்க!

தம்பி, நீங்க எங்க எந்திரிக்கறீங்க? உக்காருங்க. டீ மிச்சம் இருக்குது. எங்க போறீங்கன்னு கேக்கறனில்ல? அக்கட்ட போகாதீங்க. இருங்க, நானும் வரேன். கேளுங்க நான் சொல்றத. பொழுதெறங்குனா அதே மாட்ட உங்களுக்கு முப்பதுக்கு முடிச்சுத் தரேன். நான் எடுக்கல, நீங்களே எடுத்துக்குங்க. சத்தியமா. இப்பப் போய் வாயால பேசி எழுவது குடுக்கற கிறுக்கு உங்களுக்கு எதுக்கு? உங்க காசு உங்க காசுதான், நான் இல்லைங்கல. உங்க விருப்பந்தான். ஆனா என்ர எடத்துல நின்னுட்டு...

அறுவத்தேழா? அறுவத்தேழுன்னு நீங்களா சொன்னீங்க? அத்தனை பேருக்கும் கேக்கற மாதிரியா?

நில்லுங்க, கைய நீட்டாதீங்க. அவ கையில அடிச்சுச் சத்தியம் பண்றீங்களா, பட்டப்பகல்ல, வெறுங்கையில? வேண்டாமுங்க. இந்தாங்க, துண்டு. துண்டப் போடறேன். போட்டுட்டுப் பேசுங்க, பேசுனது ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும். நான் நடுவுல வரல. துண்டு மட்டும் கெடக்கட்டும். கைய எடுக்காதீங்க, மூடிக்கறேன்.

அம்மிணி, உருவாத! துண்ட உருவாத அம்மிணி, சொல்றேன்! உருவாத!

...மடிச்சு வேற குடுக்கறயா? மறுக்காவும் மடிச்சு என்ர கையிலயே குடுக்கறயா?

வெள்ளியங்கிரி! டேய் வெள்ளியங்கிரி! படலச் சாத்து! என்னடா முழிக்கற? இந்த மாடு வெளிய போகப்படாது. நூத்துக்கு மூணு. ஆமா, என்ர எடத்துல வாயத் தெறந்து வெலை பேசுனா நூத்துக்கு மூணு. அறுவத்தேழுக்கு ரெண்டாயிரத்துப் பத்து. இங்க வெச்சுட்டு அப்பறம் மாட்டப் புடிங்க. போர்டா? போர்டுல என்ன எழுதியிருக்குதுன்னு எனக்குத் தெரியும் தம்பி, எனக்கே படிச்சுக் காட்டாதீங்க. காடு என்ர காடு. படல் என்ர படல்.

என்ன அம்மிணி, தம்பி குடுத்த பணத்துல இருந்து எண்ணறயா? எண்ணு, எண்ணு. நீயே குடுக்கறயா? சரி. ரெண்டாயிரம், பத்து. இப்ப வந்தயா வழிக்கு. எதுக்குக் கைய நீட்டிட்டு நிக்கற? என்ன வேணும்? ரசீதா?

என்ன சொன்ன?

"எங்கய்யன் ரசீதாவது குடுத்தாருங் மாமா."

எவன்டா சிரிச்சது? எவன்டா அது? அந்தக் கயிறு விக்கறவனா? பச்சைக்கரையில ஒருத்தன் பல்லக் காட்டுனான், நான் பாத்தேன். சிரிக்காதீங்கடா. சொல்றேன், சிரிக்காதீங்க. வெள்ளியங்கிரி, நீயுமாடா? சாத்துடா படல! சிரிச்சவன் எவன்னு எனக்குத் தெரியோணும். தெரியற வரைக்கும் ஒருத்தனும் இந்தக் காட்ட உட்டு வெளிய போகப்படாது!